ஏலக்காட்டு மலையாளம்

மதுரையிலிருந்து கிளம்பிய விமானம் மேற்கே திரும்பி உயர்ந்தபோது, இடப்பக்க ஜன்னலில் எங்கள் பள்ளத்தாக்கு முழுவதுமாகத் தெரிந்தது. நெல்வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் ஒரே பச்சையாகக் கிடக்க, அதற்கப்பால் மலை சுவர் வைத்ததுபோல் நின்றது. ஜன்னலோரம் இருந்த மேஸ்திரி அக்கா கண்ணாடியில் நெற்றி படக் குனிந்து கம்பம் மெட்டுச் சாலையைத் தேடினார். சாலை அகப்படுவதற்குள் மலையின் முதுகு கீழே வந்து, பின்னால் போய்விட்டது. அப்போதுதான் அவர் விமானம் ஏறியதும் மூடிய வாயைத் திறந்தார்.

"பதினாலு வருசம் ஏறுன மல, தாயி. ஜீப்புல ஒருத்தி மடியில ஒருத்தி உக்காந்து போவோம். கண்ண மூடித் தொறக்கங்குள்ள தாண்டிருச்சே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். துபாய் போய்ச் சேரும்வரை அந்தச் சிரிப்பு அவர் முகத்தைவிட்டு முழுதாகப் போகவேயில்லை.

உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில், வெளிநாட்டுக்கு வாழைக்காய் அனுப்பும் பேக்கிங் கூடம் ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். தாரிலிருந்து சீப்பு வெட்டி, தொட்டியில் கழுவி, தண்ணீர் வடியவிட்டு, எடை பார்த்துப் பெட்டியில் அடுக்கும் அறுபது பெண்களுக்கு அக்கா மேஸ்திரி. அந்த வேலைக்கு வருமுன் விடிவதற்குள் ஜீப்பேறி, எல்லை தாண்டி, கேரளத்து ஏலத் தோட்டங்களில் காய் எடுத்தவர். கூடம் திறந்த பிறகுதான் அவருடைய வீட்டில் காலைச் சோறு காலையில் பொங்கியது என்பார். நான் அலுவலகத்தில் கப்பல் காகிதங்களையும் வெளிநாட்டுக் கடிதங்களையும் கவனித்தேன். அவரைவிட எட்டு வயது இளையவள். அவருக்கு நான் தாயி, எனக்கு அவர் அக்கா.

போன ஆண்டுப் பருவத்தில் எங்கள் பழம் துபாயில் கெட்டுப்போகத் தொடங்கியது. சீப்பின் தலைப்பகுதி கறுத்து அழுகியிருப்பதாகப் படம் படமாக வந்தது. பழம் இங்கிருந்து நல்லபடியாகத்தான் கிளம்பியது என்று ஏழு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதினேன். இன்னும் படங்கள்தான் வந்தன. கடைசியில் அங்கே வாங்குகிறவர், நேரில் வந்து பாருங்கள், அதன்பிறகுதான் அடுத்த கன்டெய்னரைப் பற்றிப் பேச்சு என்று சொல்லிவிட்டார். அந்த ஆர்டர் போனால் கூடத்தில் பாதி மேசை காலியாகும். அந்தப் பெண்கள் மறுபடி ஜீப்புக்குத்தான் போக வேண்டும். பேப்பர் தெரிந்த ஆளும் போகட்டும், காய் தெரிந்த ஆளும் போகட்டும் என்று முதலாளி சொன்னார். அக்காவுக்கு அவசரமாகப் பாஸ்போர்ட் எடுக்கப்பட்டது.

நான் அதற்குமுன் இரண்டு தடவை சென்னைக்கு விமானத்தில் போனவள். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு மதுரை விமான நிலையத்தில் பெரிய அதிகாரம் செய்தேன். பையை இங்கே வையுங்கள், செருப்பைக் கழற்ற வேண்டாம், அட்டையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஓயாமல் சொன்னேன். அவரும் போர்டிங் அட்டையை எட்டாக மடித்துச் சுருக்குப் பைக்குள் அவ்வளவு பத்திரமாக வைத்துவிட்டார். விமானத்துக்குப் போகும் வாசலில் இயந்திரம் அதைப் படிக்க மறுத்தது. அங்கே நின்ற பெண் அதை மேசைமேல் வைத்துத் தேய்த்து நிமிர்த்தித் தந்தாள்.

அதற்குமுன் குடியேற்றக் கவுன்ட்டரிலும் ஒரு நிறுத்தம் இருந்தது. அக்கா பத்தாம் வகுப்பு முடிக்காதவர். அப்படிப்பட்டவர்கள் வளைகுடாவுக்குப் போனால் இரண்டு கேள்வி கூடக் கேட்பார்கள். நான் கம்பெனிக் கடிதத்தை நீட்டினேன். அதிகாரி என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, எதற்குப் போகிறீர்கள் என்று அக்காவையே கேட்டார்.

"பழம் ஏன் அழுகுதுன்னு பாக்கப் போறேன் சார். ஞாயித்துக்கெழம பேரனுக்குக் காதுகுத்து. அதுக்குள்ள வந்துருவேன்."

அதிகாரி அவரையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முத்திரை குத்தினார். பிறகு, தன் வீட்டில் வாங்கும் பழம் இரண்டே நாளில் கறுத்துப்போவது ஏன் என்று விசாரித்தார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருக்க, பழத்தை ஃபிரிட்ஜில் வைக்காமல் கயிறு கட்டித் தொங்கவிடும்படி அக்கா அவருக்கு விளக்கிச் சொல்லிவிட்டே வந்தார்.

துபாயில் இறங்கியதும் என் அதிகாரம் முடிவுக்கு வந்தது. என் போன் அந்த ஊர் சிக்னலை எடுக்கவே இல்லை. பெட்டிகள் வந்துவிட்டன, எங்களை அழைத்துப்போக வர வேண்டிய டிரைவரைக் காணோம். வெளியே பெயர்ப் பலகை பிடித்து நின்ற ஒவ்வொருவரையும் பார்த்தேன். ஒன்றிலும் எங்கள் பெயர் இல்லை. விசாரணைக் கவுன்ட்டரில் இருந்த பெண் சொன்ன ஆங்கிலம் தண்ணீர்போல் ஓடியது. ஏழு பக்கம் எழுதியவள் நான், அவள் சொன்னதில் ஒரு வரிகூடப் பிடிபடவில்லை. திரும்பிப் பார்த்தால் அக்காவும் இல்லை. பெட்டி வண்டியை இழுத்துக்கொண்டு அவரைத் தேடினேன்.

ஒரு தூணுக்கு அந்தப் பக்கம், தள்ளுவண்டிகளைச் சேர்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதரோடு அவர் பேசிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் யாரோடோ போனில் பேசிய மலையாளம் அக்காவின் காதில் விழுந்திருக்கிறது. உடனே போய், "சேட்டா, ஒரு சகாயம் செய்யோ?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதருக்குச் சொந்த ஊர், கம்பத்துக்கு மேலே கேரள மலையிலுள்ள நெடுங்கண்டம். கம்பம் சந்தையில் காய்கறி வாங்காத வாரம் இருந்ததில்லை என்றார். அக்கா காய் எடுத்த தோட்டம் அவர் மாமனார் வீட்டுக்கு அடுத்த மலை. டிரைவருடைய எண்ணை என் காகிதத்தில் பார்த்துத் தன் போனிலிருந்தே அழைத்தார். டிரைவர் வேறொரு வாசலில் அரைமணி நேரமாக எங்களுக்காக நிற்கிறாராம். அந்த வாசல்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் அவர் திரும்பினார். டிரைவரும் மலையாளி. வழி முழுக்க அக்கா முன்னிருக்கையில் பேசிக்கொண்டே வந்தார். நான் பின்னால் என் ஏழு பக்கத்தை மறுபடி படித்தேன்.

மறுநாள் காலை கிடங்குக்குப் போனோம். குளிர் அறையின் பொறுப்பாளர் கோழிக்கோட்டுக்காரர். அக்கா பேசுவது தோட்டத்துக் கங்காணிகளின் மலையாளம், அதட்டல் கலந்தது. அதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன் அம்மாவிடம் திட்டு வாங்குவதுபோல் இருக்கிறது என்றார். ஆனால் கேட்ட பெட்டியையெல்லாம் இறக்கித் தந்தார். அக்கா சேலைக்குமேல் அங்கே கொடுத்த கனத்த கோட்டை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்த பெட்டிகளை இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்தார். எதற்கு என்று கேட்டேன். பொறு என்று மட்டும் சொன்னார்.

வாங்குகிறவர் வந்தார். உயரமான பெரியவர், மெல்லப் பேசுகிறவர். நான் கோப்பைத் திறந்தேன். அதற்குள் அக்கா இடப்பக்க அடுக்கில் கைவைத்து மலையாளத்தில் சொல்ல, பொறுப்பாளர் அதை அரபியில் சொன்னார். இந்தப் பெட்டிகளில் இருப்பது எங்கள் தவறு. சீப்பின் தலையை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள், கத்தி மழுங்கல், அது அழுகத்தான் செய்யும். வலப்பக்க அடுக்கு அப்படியில்லை. வெட்டு சரியாக இருக்கிறது, ஆனால் பெட்டியின் அடி நனைந்து காய்ந்திருக்கிறது. இவை குளிரில் இருந்து இறங்கி, வெயிலில் நின்று வேர்த்து, மறுபடி குளிருக்குப் போனவை. அது இங்கே நடந்தது.

நான் அக்காவின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். ஏழு பக்கத்தில் நான் ஒப்புக்கொள்ளாத ஒன்றை இரண்டு வாக்கியத்தில் ஒப்புக்கொண்டுவிட்டாரே என்று காதருகே பதறினேன்.

"எங்க கூடத்து வெட்டு எனக்குத் தெரியாதா தாயி? இது யாரு கத்தின்னுகூடத் தெரியும்."

யாருடையது என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

பெரியவர் இரண்டு அடுக்கையும் வெகுநேரம் பார்த்தார். எப்படி வெட்ட வேண்டும் என்று கேட்டார். அக்கா பொறுப்பாளரிடம் கத்தி வாங்கி, ஒரு பெரிய சீப்பைச் சிறு சீப்பாக வெட்டி, தலைப்பகுதியில் இரண்டு விரல் கனம் விட்டுக் காட்டினார். பெரியவர் தன் விரல்களை அதன்மேல் வைத்து அளந்து பார்த்தார். பிறகு பொறுப்பாளரிடம் திரும்பி, லாரி இறக்கும் ஆட்களைப் பற்றி ஏதோ கேட்டார். அவர் தலை குனிந்து பதில் சொன்னார். சோதனைக்கு ஒரு கன்டெய்னர் அனுப்புங்கள், அது சரியாக வந்தால் பருவம் முழுக்க எடுக்கிறேன் என்று பெரியவர் எங்களிடம் சொன்னார். கிளம்பும் நாளில் ஓட்டலுக்குப் பேரீச்சம்பழப் பெட்டிகள் வந்தன. கூடத்துப் பெண்கள் எத்தனை பேர் என்று பொறுப்பாளரிடம் விசாரித்துப் பெரியவர் அனுப்பியிருந்தார்.

ஊர் திரும்பியதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாக் கத்தியையும் தீட்டிவிட்டே வேலை தொடங்குவது என்று அக்கா முறை வைத்தார். சோதனைக் கன்டெய்னர் போய்ச் சேர்ந்து பதினைந்தாம் நாள், பருவம் முழுக்க எடுப்பதாகப் பதில் வந்தது. அதை நான் கூடத்தின் நடுவில் நின்று தமிழில் படித்தேன். தொட்டித் தண்ணீரில் கையை வைத்திருந்தவர்கள் அப்படியே கைதட்ட, என் மேலெல்லாம் தண்ணீர். சொன்னபடி காதுகுத்துக்கு நேரத்தோடு ஊர் வந்துவிட்டிருந்த அக்கா, காது குத்திய பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு அன்று கூடத்துக்கு வந்திருந்தார்.

இந்த ஆண்டு பெரியவர் மறுபடி கூப்பிட்டார். அவருக்குப் பேப்பர் தெரிந்த ஆள் வேண்டாமாம், மேஸ்திரி மட்டும் போதுமாம். அக்கா தனியாகப் போனார். அவர் இறங்கியிருக்க வேண்டிய நேரத்திலிருந்து நான் போனை அழுத்திக்கொண்டே இருந்தேன். நாலாம் தடவை எடுத்தார். பின்னால் விமான நிலையத்து அறிவிப்புச் சத்தம். டிரைவர் வந்தாரா, வாசல் தெரிந்ததா என்று மூச்சுவிடாமல் கேட்டேன்.

"எல்லாம் வந்தாச்சு, போன வையி தாயி. இங்கன சென்னைக்காரு ஒருத்தரு, பெரிய ஆபீசராம், எந்த வாசல்னு தெரியாம முழிச்சுக்கிட்டு நிக்கிறாக. அவுகள அங்கன கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்."