குளிர்பெட்டியின் அக்கா

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில், என் கண்ணெதிரே ஒரு விஷயம் வெட்டவெளிச்சமானது. அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் இறங்கவில்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால் என் தம்பியிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் தெருவில் அவனுக்குப் பெயர் குளிர்பெட்டி. பெரிய ஆஸ்பத்திரியின் பிணவறையில் வேலை. உடலைக் கழுவித் துடைத்து, தாடையைத் துணியால் கட்டி, தலை வாரி, கால் கட்டைவிரலில் பெயர்ச்சீட்டைக் கட்டுவான். சொந்தக்காரர்கள் வந்தால் குளிர்பெட்டியை இழுத்து முகத்தைக் காட்டுவான். பதினேழு வருடமாக இதே வேலை. முடி வெட்டப் போனால் 'கூட்டம் போனப்புறம் வாங்க' என்பார் கடைக்காரர். அவன் படியேறும் சத்தம் கேட்டால் மாடி வீட்டுக்காரி கதவைச் சாத்துவாள். உயிரோடு இருக்கிறவரை இவன் வேண்டாம், செத்தபிறகு மட்டும் இவன் வேண்டும். என்ன ஜென்மங்களோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் வாயுள்ளவள். முன்னறையில் தையல் மிஷின் போட்டு, பேன்ட் சுருக்குவதும் ஜிப் மாற்றுவதுமாகப் பிழைக்கிறேன். அம்மாவும் அப்பாவும் போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அவனை ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னவர்களுக்கு நான் ஜிப் மாற்றிக் கொடுத்ததில்லை. துணியைச் சுருட்டி வெளியே வீசியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவன் ஒரு பெண்ணை விரும்பினான். புத்தகம் பைண்ட் செய்கிற கடையில் இருந்தவள். 'ஆஸ்பத்திரியில வேலை' என்று மட்டும் சொல்லிவைத்திருந்தான். இரண்டு வருடம் அப்படியே ஓடியது. ஒருநாள் அவளுடைய அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். உடலை வாங்க வந்தவளுக்குப் பிணவறைக் கதவைத் திறந்தவன் இவன்தான். அவள் இவன் முகத்தையே பார்க்கவில்லையாம். கையைத்தான் பார்த்தாளாம். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவள் அதோடு சரி. மறுவாரம், இவன் வாங்கிக்கொடுத்த கைக்கடிகாரம் ஒரு பிளாஸ்டிக் பையில் திரும்பி வந்தது.

நான் சும்மா இருப்பேனா? நேராக அந்தக் கடைக்கே போனேன்.

"உங்க அப்பாவைக் குளிப்பாட்டின கைம்மா அது! அந்தக் கையைத் தொட்டா நீ என்ன தேஞ்சா போயிடுவே?"

பைண்டிங் கடையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. பதினாலு வருடமாக இந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நான் சொல்லாமல் விட்டதில்லை.

தம்பிதான் மாறிப்போனான். எந்தப் பெண் இரண்டு வார்த்தை கூடப் பேசினாலும் முதல் வேலையாகத் தன் வேலையைச் சொல்லிவிடுவான். கேட்டவள் போய்விடுவாள். போகட்டும் என்றே சொல்வதுபோல இருக்கும்.

இந்த வருடம் நாற்பத்தொன்றாம் வயதில் அவனுக்குக் கண் மங்கியது. பெயர்ச்சீட்டில் எழுத்து தெரியவில்லை என்று கண்ணாடிக் கடைக்குப் போனான். அங்கே இருந்த பெண்ணிடம் உட்காருவதற்கு முன்பே வேலையைச் சொல்லியிருக்கிறான். அவள் கண்ணாடியை அவன் காதில் மாட்டிச் சரிபார்த்துக்கொண்டே, "அப்போ நீங்க பேரை மாத்திப் படிச்சாலும் யாரும் எழுந்து வந்து சண்டை போட மாட்டாங்க. பவரைச் சரியா பாத்துடலாம்" என்றாளாம்.

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் சிரித்து எத்தனை வருடம்! அதன்பிறகு நான்கு மாதத்தில் அந்தக் கண்ணாடி ஆறு தடவை லூசானது. எனக்கென்ன புரியாதா?

அவளுக்கு முப்பத்தாறு வயது. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை இரண்டு கையிலும் வெள்ளைத் திட்டுகள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் அதைக் காரணம் காட்டி நிறுத்திவிட்டார்களாம். அதனால் இவன் கேட்டதும் அவள் உடனே தலையாட்டவில்லை. 'வீட்டுக்கு வந்து உங்க அக்காவைப் பாத்துட்டுச் சொல்றேன்' என்றுவிட்டாள். கல்யாணமானால் என்னோடுதானே இருக்க வேண்டும்! அந்தப் பதிலை நினைத்து மூன்று நாளாக என் தம்பிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்கும்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நான் யார் என்று காட்டிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே துடிப்பு. டீ டம்ளரை அவள் கையிலேயே கொடுத்தேன், விரலோடு விரல் படும்படி. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. பாஸ் ஆகிவிட்டோம் என்று நினைத்தேன். அந்த உற்சாகத்தில் பைண்டிங் கடைக் கதையை நடித்தே காட்டினேன். பேசிக்கொண்டே தம்பிக்கும் டீயை வைத்தேன், பிஸ்கட் தட்டை வைத்தேன்.

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. எனக்குக் கையில குடுத்தீங்க. அவருக்கு ஏன் மேஜைமேல வெச்சீங்க?"

"மேஜைமேல வெச்சா என்னம்மா? எல்லார் வீட்டுலயும் நடக்கறதுதானே?"

"இல்லக்கா. அவர் கையை நீட்டவே இல்ல. நீங்க வெச்சுட்டு உங்க கையை எடுத்தப்புறம்தான் அவர் எடுக்கறார். கடையில என்கிட்ட யாரும் பழைய கண்ணாடியைக் கையில தர மாட்டாங்க. மேஜைமேல வெச்சுத் தள்ளுவாங்க. பதினஞ்சு வருஷமா பாக்கறேன். எனக்கு அது தெரியாம போகாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இவனுக்காக ஊரோட சண்டை போட்டவ நான்! டேய், நீயே சொல்லுடா!"

தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "விடுங்க, எனக்கு அது பழகிடுச்சு" என்றான். என்னிடம் அல்ல, அவளிடம்.

"என்னடா பழகிடுச்சு?"

"ஒண்ணும் இல்லக்கா. வேலைல சேந்த அன்னிக்குச் சாயங்காலம் தண்ணி கேட்டு கையை நீட்டினேன். நீ ஜன்னல்ல வெச்ச. அதுலேர்ந்து நான் நீட்டறதில்ல." கோபமே இல்லாமல் சொன்னான். "காய்ச்சல்ல கிடந்தப்ப மாத்திரையை ஸ்பூன்ல வெச்சுக் குடுத்த. அதனால என்ன, நேரத்துக்குக் குடுத்தியே."

பொய் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அவனைக் கடைசியாக எப்போது தொட்டேன் என்று தேடினேன். வேலைக்குச் சேர்வதற்கு முந்தின நாள் அவன் சட்டைக்குக் கைப்பட்டன் போட்டுவிட்டது ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு? தெருவில் போகிறவனையெல்லாம் நிற்க வைத்து டேப்பால் அளக்கிறவள் நான். என் தம்பிக்குத் தைக்கிற சட்டைக்கு மட்டும் அவனுடைய பழைய சட்டையை விரித்து அளவெடுக்கிறேன். பதினேழு வருடமாக! அது ஏன் என்று ஒருநாள்கூட எனக்குள் கேட்டுக்கொண்டதில்லை. என் கழுத்தில் தொங்கிய டேப்பைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அவள் டீயை முழுவதும் குடித்துவிட்டு எழுந்தாள்.

"எனக்கு சம்மதம்" என்றாள் அவனிடம். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆனா நாங்க தனியா இருந்துக்கறோம்க்கா. உங்கமேல கோபம் இல்ல. தெரிஞ்சு செய்யறவங்களை நான் சமாளிச்சுடுவேன். உங்களுக்குத் தெரியவே இல்லையே, அதான் பயமா இருக்கு."

நான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வாயுள்ளவளாம் நான்!

கல்யாணம் முடிந்து, நேற்றுக் காலை தம்பி கிளம்பினான். இரண்டே பைகள். வாசலில் அவள் ஆட்டோவோடு நின்றாள். அவன் வளையத்திலிருந்து வீட்டுச் சாவியைக் கழற்றினான். நான் மிஷினை விட்டு எழுந்து போய், உள்ளங்கையை விரித்து அவன் முன்னால் நீட்டினேன்.

அவன் குனிந்து சாவியை மேஜைமேல் வைத்தான். தன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். நான் எடுப்பதற்காக வழக்கம்போல ஓரடி தள்ளி நின்றான்.

"வரேன்க்கா" என்றான். நான் கையை நீட்டியிருந்ததை அவன் கவனிக்கவே இல்லை.