பாம்புக்கும் நாங்கள்தான், பசுவுக்கும் நாங்கள்தான்

தீயணைப்புத் துறை என்று பெயர்தானே தவிர, தீயைவிட நாங்கள் அதிகம் பார்ப்பது பாம்பையும் கிணற்றையும்தான். ஊருக்கு ஓடி ஓடி உழைத்து ஏச்சும் வாங்கும் சகோதரர்களே, உங்களிடம் சொன்னால்தான் என் பாடு புரியும்.

சூடமும் சிலிண்டரும்

மழை பெய்தால் போதும், செண்பகத்தோப்புக் காட்டுப் பாம்புகளுக்கு வீடு பார்க்கும் ஆசை வந்துவிடும். அப்படி ஒரு வீட்டில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் நல்லபாம்பு. வீட்டுக்கார அம்மா அதற்கு முன்னால் கிண்ணத்தில் பால் வைத்து, சூடம் கொளுத்திக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பாம்பைப் பார்த்து நான் பயப்படவில்லை. அந்தச் சூடத்தைப் பார்த்துத்தான் உயிர் போய் வந்தது. முதலில் அதை அணைத்துவிட்டு, பிறகு பாம்பைப் பிடித்துப் பையில் போட்டேன். அந்த அம்மாவுக்கு மனசே ஆறவில்லை.

"பாத்துக் கொண்டுபோங்கய்யா, அவிய இன்னும் பால் குடிக்கல."

பதம் முக்கியம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் கொட்டகை ஒன்றில் விறகுக் குவியல் பற்றிக்கொண்டது. எல்லோரும் வெளியே ஓடிவந்துவிட்டார்கள். மாஸ்டர் மட்டும் புகைக்குள் நின்று சட்டியைக் கிண்டிக்கொண்டே இருந்தார். பால் இறுகும் நேரத்தில் கையை எடுத்தால் அடிபிடிக்கும், எனக்கும் தெரியும். அதற்காக உயிரை விடுவதா? இரண்டு பேர் சேர்ந்து அவரைக் கரண்டியோடு தூக்கிவந்தோம்.

தீ அணைந்ததும் உள்ளே ஓடிப்போய்ச் சட்டியைச் சுரண்டிப் பார்த்தார். தாமதமாக வந்ததற்கு எங்களை ஏசாத ஆளில்லை. சீக்கிரம் வந்ததற்கு ஏசியவர் இவர் ஒருவர்தான்.

"அடிபிடிச்சுப் போச்சே சார்! செத்த நேரம் பொறுத்து வந்தா என்ன?"

சேலை கட்டிய காக்கி

ராஜபாளையம் பக்கம் ஒரு தோட்டத்துக் கிணற்றில் மாரியம்மாள் என்பவரின் சினைப்பசு விழுந்துவிட்டது. அது கன்று போட்டுப் பால் தந்தால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும். வயிற்றில் கயிறு அழுத்தினால் கன்று போய்விடும் என்பதால், முன்னங்காலுக்குப் பின்னும் பின்னங்காலுக்கு முன்னும் தண்ணீர் அடிக்கும் பட்டையான ஹோஸைக் கொடுத்துத் தூக்க வேண்டும். பசுவோ என்னைக் கண்டாலே கொம்பைத் தூக்கியது. தண்ணீரில் அதன் தலை தாழ்ந்துகொண்டே வந்தது.

"நான் இறங்குதேன்" என்று மாரியம்மாள் அழுதார். நான் விடவில்லை. அவர் உடனே வீட்டுக்கு ஓடி, பால் கறக்கும்போது கட்டும் பழைய சேலையைக் கொண்டுவந்து நீட்டினார். "இந்த வாடைக்குத்தான் அது நிக்கும். எங்க வீட்டுக்காரரே இதக் கட்டிக்கிட்டுத்தான் கறப்பாரு." வேறு வழி? யூனிஃபார்முக்கு மேலே சேலையைச் சுற்றிக்கொண்டு இறங்கினேன். மேலே ஊரே சிரித்தது. பசு மட்டும் சிரிக்கவில்லை. மோந்து பார்த்தது, என் கன்னத்தை நக்கியது, ஹோஸைக் கட்டும்வரை முரண்டு பிடிக்காமல் இருந்தது.

மேலே வந்ததும் மாட்டு டாக்டர் தடவிப் பார்த்து, கன்று நன்றாக இருக்கிறது என்றார். மாரியம்மாள் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்! சேலையை அவிழ்த்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நீங்களே வச்சுக்கோங்கண்ணே. கன்னு போடுதப்ப கூப்பிடுதேன், இதக் கட்டிக்கிட்டு வாங்க."

உயிரைக் காப்பாற்ற எங்களிடம் வண்டி இருக்கிறது. ஆளுக்கொரு செல்போனில் வீடியோ எடுக்கிற ஊரில் எங்கள் மானத்தைக் காப்பாற்றத்தான் எந்த வண்டியும் வருவதில்லை.