சிலையில் வந்த முகம்

நகரியில் எங்கள் அறக்கட்டளை ஒரு விடுதலைப் போராட்டத் தியாகியின் பெயரில் நடக்கிறது. நான் செயலாளர். தியாகியைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்ததற்கு மேல் ஒன்றும் தெரியாது. பத்திரம் எழுதுகிறவன், தெலுங்கிலும் தமிழிலும் பிழையில்லாமல் மனு எழுதுவேன் என்று பதவி கொடுத்தார்கள். பிரெசிடெண்டு பவர்லூம் முதலாளி. விழா நாளில் மட்டும் கதர் போடுவார்.

மார்பளவு சிமெண்ட் சிலை வைக்க முடிவானது. திருப்பதிக்குப் போய்ச் சிற்பியிடம் சொல்லிவிட்டு வருவது என் வேலை. அவர் போட்டோ கேட்டார். பையிலிருந்த விழா நோட்டீசை நீட்டினேன். அதில் தியாகி ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தார். நடுவில் பாதிப் பக்கத்துக்குப் பிரெசிடெண்டு, கைகூப்பியபடி. "இதுல இருக்கிறவருதான்" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினேன். முகம் முடிந்தது, வந்து பாருங்கள் என்று சிற்பி போன் செய்தபோது வெயிலுக்குப் பயந்து போகவில்லை. கமிட்டியில் மட்டும், "அப்படியே உயிரோட்டம்" என்று அளந்துவிட்டேன்.

திறப்பு விழாவில் மண்டல அதிகாரி துணியை இழுத்தார். கைதட்டல் கிளம்பிப் பாதியில் நின்றது. தியாகிக்கு மீசையே கிடையாது. பீடத்தின் மேல் கொத்து மீசையும் இரட்டைத் தாடையுமாக எங்கள் பிரெசிடெண்டு இருந்தார். அதிகாரி அதற்குள் மாலையைப் போட்டுவிட்டார்.

முன்வரிசையிலிருந்து பிரெசிடெண்டின் மனைவி அலறினார். "ஐயையோ, ஆளு உசுரோட குந்திக்கினு இருக்கறப்பவே மாலை போட்றீங்களே!" ஓடிவந்து அதிகாரி கையிலிருந்த துணியைப் பிடுங்கிச் சிலையை மூடினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"யாரு போட்டோ குடுத்தது?" என்றார் பிரெசிடெண்டு.

"நான்தாங்க" என்றேன்.

அவர் துணியை லேசாகத் தூக்கிப் பார்த்தார். "மூக்கு நல்லா வந்துகிது சார்" என்றார், மெதுவாக.

மறுவாரம் சிற்பி வந்து மீசையைச் செதுக்கி எடுத்தார். இந்த முறை தியாகியின் படம் போட்ட நூலகப் புத்தகத்தோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவர் பூசிக்கொண்டிருந்தபோது பொழுதுபோகாமல் அதைப் படித்தேன். தியாகி மூன்று தடவை ஜெயிலுக்குப் போனவர் என்பது அன்றுதான் தெரிந்தது. சங்கடமாகத்தான் இருந்தது.

சிலை இப்போது யார் மாதிரியும் இல்லை. காதுகள் மட்டும் பிரெசிடெண்டுடையவை. அவற்றை மாற்றச் சொல்லி அவர் இதுவரை கேட்கவில்லை.