முன் சீட்டில் நான் உட்கார்ந்தால்

நான் முன் சீட்டில் உட்கார்ந்தால் எங்கள் காரின் வேகமானி நின்றுவிடும். இது அறுபதுகளின் நடுவில், மாட்டுங்காவில் நாங்கள் தனிக்குடித்தனம் தொடங்கிய இரண்டாம் வருஷம் நடந்தது. ஓய்வுபெற்று ஊருக்குப் போன ஓர் அதிகாரியிடமிருந்து என் கணவர் அந்தப் பழைய காரை வாங்கியிருந்தார். வண்டி நன்றாகவே ஓடியது. வேகம் காட்டும் முள்தான் பிடிவாதம் பிடித்தது.

தினமும் காலையில் அவர் தனியாகச் செம்பூர் பக்கம் ஆபீசுக்கு ஓட்டிப் போவார். முள் அழகாக முப்பது மைலில் நிற்கும். சனிக்கிழமை சாயங்காலம் நாங்கள் இருவரும் திலக் நகரில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்குக் கிளம்புவோம். சயான் வருவதற்குள் முள் இரண்டு தடவை துள்ளும், பிறகு பூஜ்யத்தில் விழுந்து படுத்துக்கொள்ளும்.

ஆண்டாப் ஹில்லில் ஒரு மெக்கானிக் இருந்தார். திருநெல்வேலிக்காரர். மூன்று தடவை கேபிள் மாற்றினார். மீட்டரையே கழற்றி வேறு போட்டார். ஒவ்வொரு தடவையும் தானே ஓட்டிப் பார்த்து, "இப்பம் ஏக்தம் சரியா இருக்கு சார்" என்று கொடுப்பார். அடுத்த சனிக்கிழமை முள் மறுபடி விழும்.

நாத்தனார்தான் அதற்குக் காரணம் கண்டுபிடித்தார். ஒரு நாள் காபி கொடுத்துக்கொண்டே தம்பியிடம் சொன்னார்: "நீ தனியாப் போறச்சே ஓடறது. இவ ஏறினா நின்னுடறது. சில பேருக்கு வண்டி ராசி கிடையாதுடா."

முதலில் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு திலக் நகரிலேயே நிற்கவில்லை. பக்கத்து பிளாட்காரர்கள்கூட, "இன்னிக்கு முள் எப்படி?" என்று என்னைக் கேட்க ஆரம்பித்தார்கள். நான் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்குப் பௌதிகம் சொல்லிக் கொடுப்பவள். என் பெயரைச் சொல்லி ஒரு முள் விழுகிறது என்பதைக் கேட்டுக்கொண்டு எத்தனை நாள் சிரிப்பது?

நாத்தனாரின் பெண்ணைப் பார்க்க மதராஸிலிருந்து பிள்ளை வீட்டார் வந்தார்கள். தாதர் ஸ்டேஷனிலிருந்து அவர்களை எங்கள் காரில்தான் அழைத்து வர வேண்டும். முந்தின நாள் நாத்தனார் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதே. நல்ல காரியம். நீ பஸ்ல வந்துடு."

நான் கணவரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

பட்டுப்புடவையோடு பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். அழக் கூடாது என்று கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பெண் பார்க்கும் சடங்கு நல்லபடியாக முடிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். நான் அடுக்களையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது கணவர் மெதுவாக வந்து நின்றார்.

"ஒண்ணு சொல்லணும். அக்காகிட்ட சொல்லிடாதே. இன்னிக்கும் முள் விழுந்துடுத்து."

தட்டைக் கீழே வைத்தேன். "நான்தான் வண்டியிலேயே இல்லையே!"

"அதான் எனக்கும் புரியலை."

"முன் சீட்ல யார் உக்காந்தா?"

"பிள்ளையோட அப்பா. பெரிய மனுஷர், பின்னாடி உக்காரச் சொல்ல முடியுமா?"

அந்த நிமிஷமே எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. அவர் ஆபீசுக்குப் போகும்போது முன் சீட்டு காலி. மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போதும் காலி. நாத்தனார் குடும்பம் எப்போது ஏறினாலும் பின் சீட்டில்தான். நான் மட்டும்தான் இத்தனை நாளாக அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவரை விடவில்லை. கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றச் சொன்னேன். முதல் சுற்றில் நான் பின்னால் உட்கார்ந்தேன். முள் விழவில்லை. இரண்டாவது சுற்றில் முன்னால் உட்கார்ந்தேன். விழுந்தது. மூன்றாவது சுற்றுக்கு நான் இறங்கிவிட்டு, வீட்டிலிருந்த டிரங்குப் பெட்டியை என் புத்தகங்களால் நிரப்பி, இருவருமாகத் தூக்கி முன் சீட்டில் வைத்தோம். அவர் மட்டும் ஓட்டிப் போனார். நான் நடைபாதையில் காத்திருந்தேன். சுற்றி வந்து நிறுத்தியவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"பெட்டிக்கும் ராசி இல்லை!" என்று கத்தினார்.

"இப்பவே மெக்கானிக்கிட்ட போலாமா?" என்று அவரே கேட்டார்.

"முதல்ல திலக் நகர்" என்றேன்.

நாத்தனாரிடம் ஒன்றும் விளக்கவில்லை. "அக்கா, ஒரு சின்ன வேலை, கூட வாங்கோ" என்று முன் கதவைத் திறந்தேன். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். வண்டி கிளம்பி மெயின் ரோட்டுக்கு வந்தது. முள் துள்ளியது, படுத்தது. நாத்தனார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "நானுமா?" என்றார்.

"வெயிட்டுதான் அக்கா. யார் உக்காந்தாலும் விழும்."

நேராக ஆண்டாப் ஹில்லுக்குப் போனோம். மெக்கானிக் முதலில் நம்பவில்லை. "ஆள் உக்காந்தா மீட்டர் எப்படிம்மா நிக்கும்?" என்றார். பிறகு வண்டியை, அடியில் நின்று வேலை செய்ய வெட்டியிருந்த பள்ளத்தின் மேல் நிறுத்தி, விளக்கோடு கீழே இறங்கினார்.

"அம்மா, ஒருவாட்டி எந்திரிங்க." நாத்தனார் இறங்கினார். "உக்காருங்க." உட்கார்ந்தார். "எந்திரிங்க." இறங்கினார். ஐந்தாறு தடவை ஆயிற்று. அவருக்கு மூச்சு வாங்கியது, ஆனால் சலித்துக்கொள்ளவில்லை. "தெரியறதா? தெரியறதா?" என்று பள்ளத்துக்குள் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அரே, கெடச்சிட்டு!" என்று கீழிருந்து குரல் வந்தது.

சீட்டுக்கு அடியில் தளத் தகடு துருப்பிடித்து, யாரோ எப்போதோ ஒட்டுப் போட்டிருந்தார்கள். வேகமானியின் கேபிளை அந்த ஒட்டுத் தகட்டோடு கம்பியால் கட்டியும் இருந்தார்கள். கேபிளின் மறுமுனை கியர்பாக்ஸில் செருகியிருக்கும். அதைப் பிடிக்கும் நட்டின் மரை தேய்ந்துபோயிருந்தது. சீட்டில் ஆள் உட்கார்ந்தால் தகடு தாழும், கேபிளை இழுக்கும், முனை கொஞ்சம் வெளியே வந்துவிடும். எழுந்தால் பழையபடி உள்ளே போய்விடும்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே மேலே வந்தார். "மூணு வாட்டியும் நானேதாம்மா புதுக் கேபிளப் பழைய எடத்துலயே கட்டுனேன். எத்தனையோ வண்டி பாத்திருக்கேன், சீட்டுல ஆள உக்காரவச்சுப் பாக்கணும்னு தோணலையே. எப்படிம்மா கண்டுபிடிச்சிய?"

"கண்டுபிடிக்காட்டா நான் ஜன்மத்துக்கும் பஸ்லதான் போகணும்" என்றேன். நாத்தனார் தலையைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவரும் சிரித்துவிட்டதை நான் பார்த்தேன்.

புது நட்டு போட்டு, கேபிளைத் தகட்டிலிருந்து விடுவித்து வேறு இடத்தில் பொருத்த ஒரு மணி நேரம் ஆயிற்று. கிளம்பும்போது நாத்தனார் பின் கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்தார். "ஏண்டி நிக்கறே? முன்னாடி ஏறு. நானும் பாக்கணும்."

ஏறினேன். சயான் தாண்டி அகலமான சாலை வந்ததும் கணவர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். முள் துள்ளவில்லை. வழுக்கிக்கொண்டு மேலே ஏறியது.

"இருபத்தஞ்சு" என்று சத்தமாகப் படித்தேன். "முப்பது. முப்பத்தஞ்சு."

பின் சீட்டிலிருந்து நாத்தனார் தம்பியின் தோளைத் தட்டினார். "இன்னும் கொஞ்சம் போடா. நாப்பது வரட்டும்."

வந்தது.