துணைக்குப் படுக்க வந்தவள்

செல்வநாயகி லண்டனை விட்டு ஒரேயடியாக ஊருக்குத் திரும்பி வந்த மாதத்தில்தான் கனகாம்பிகைக்கு நித்திரை போனது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும்.

கனகாம்பிகைக்கு எழுபத்திரண்டு வயது. இணுவிலில், கந்தசாமி கோயிலுக்குப் போகும் ஒழுங்கையில், நாலறை வீட்டில் தனியாக இருந்தாள். கணவர் சீவரத்தினம் தோட்டத்தில் புகையிலையும் வெங்காயமும் பயிர்செய்து கட்டிய வீடு அது. மகன் சுதாகரன் ரொறன்ரோவில். அம்மா எழும்புகிறாவா, நடமாடுகிறாவா என்று பார்ப்பதற்காக விறாந்தையிலும் சாப்பாட்டறையிலும் கமரா பூட்டிவிட்டிருந்தான்.

சீவரத்தினம் செத்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, சொந்தக்காரரெல்லாம் கலைந்துபோன அன்று பின்னேரம், இரண்டு வீடு தள்ளியிருந்த உதயகலா வந்தாள். அவளுக்கு ஐம்பத்தெட்டு. புருசன் சண்டைக் காலத்தில் காணாமல் போய்விட்டான். ஒரே மகள் கலியாணம் கட்டி வவுனியாவில்.

"அக்கா, நான் இரவிலை துணைக்கு வந்து படுக்கட்டே?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து நாலு வருசம். ரீவி நாடகம் முடிகிற நேரத்துக்கு வருவாள். கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரிப்பாள். இருவரும் படுத்துக்கொண்டு கதைப்பார்கள். பெரிய கதை ஒன்றுமில்லை. சுன்னாகம் சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை, யாருடைய பெட்டைக்குப் பொருத்தம் பார்க்கிறார்கள், அந்த மாப்பிள்ளையின் தாய் எப்படிப்பட்டவள். பாதிக் கதையில் கனகாம்பிகை நித்திரையாகிவிடுவாள். விடிந்ததும், "எதிலையடி விட்டனான்?" என்று கேட்பாள்.

அதை உதவி என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. உபகாரம் செய்வது தான்தான் என்று நினைத்திருந்தாள். "பாவம், அவளின்ரை வீட்டிலை ஒழுங்கான ஃபானும் இல்லை. இஞ்சை வந்து நல்ல காத்திலை படுக்கிறாள்" என்று மகனுக்குப் போனில் சொல்வாள்.

செல்வநாயகியும் கனகாம்பிகையும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பள்ளிக்கூட நாளிலேயே ரீச்சர்மாரின் செல்லமெல்லாம் செல்வநாயகிக்குத்தான். கலியாணம் கட்டி லண்டன் போனவள், புருசன் செத்தபின், பிள்ளைகள் மறிக்க மறிக்க ஊருக்கு வந்து, ஒழுங்கை முடக்கிலிருந்த தாய்வீட்டைத் திருத்திக் குடிவந்தாள். வந்த கிழமையே காய்ச்சலில் விழுந்தாள். உதயகலா இரண்டு நாள் அங்கே போய்ப் படுத்தாள். காய்ச்சல் மாறியது. பிறகும் உதயகலா இரவில் அங்கேயே படுத்தாள். ஒருநாள் பகலில் வந்து சொன்னாள்.

"அவவுக்கு இஞ்சை ஒருத்தரும் இல்லையக்கா. பயப்பிடுறா. ஒண்டைவிட்டு ஒருநாள் உங்களிட்டை வாறன்."

"ஓம், எனக்கு இஞ்சை பட்டாளம் காவல் நிக்குதுதானே" என்றாள் கனகாம்பிகை. உதயகலா முற்றத்தைக் கூட்டத் தொடங்கினாள்.

அவள் வராத நாட்களில் கனகாம்பிகைக்குக் கண் மூடாது. அங்கே இப்போது என்ன கதைப்பார்கள் என்பதுதான் யோசனை. தனக்குச் சொல்லும் அதே கதைகளா? அல்லது செல்வநாயகிக்கென்று நல்லதாக வேறு கதை இருக்கிறதா? வருகிற நாட்களிலும் நிம்மதியில்லை. உதயகலா உடுத்திருந்த நைற்றி புதிதாக இருந்தது. பூப்போட்டது, லண்டன் துணி. அதைப் பார்த்தபோதே கனகாம்பிகைக்கு நெஞ்சுக்குள் பத்தி எரிந்தது.

"நல்ல நைற்றி" என்றாள்.

"செல்வநாயகியக்கா தந்தவ."

"தருவாள். அங்கை சும்மா கிடந்திருக்கும்."

பகலில் கனகாம்பிகைக்குக் கண் எரிந்தது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்தாள். கோயிலில் பூசை நடக்கும்போதே தலை ஆடியது. சாப்பாட்டறையில் அவள் இருந்தபடியே தூங்கி விழுவதைக் கமராவில் பார்த்துவிட்டு மகன் போன் எடுத்தான்.

"அம்மா, சம்பளத்துக்கு ஒரு பிள்ளையை வைப்பம். இரவிலை மட்டும் வந்து நிக்கட்டும்."

பிரசாந்தி என்றொரு பெண் வந்தாள். குறை சொல்ல முடியாத பிள்ளை. நேரத்துக்கு வருவாள், கதவெல்லாம் பூட்டுவாள், காதுக்குள் எதையோ செருகிக்கொண்டு போனைப் பார்த்துப் படுத்துவிடுவாள். கனகாம்பிகை கத்தரிக்காய் விலையைச் சொன்னால், "என்ன அம்மம்மா? தண்ணி வேணுமோ?" என்பாள். ஒரு மாதத்தில் கனகாம்பிகையே அவளை நிற்பாட்டிவிட்டாள். ஆள் இருந்தும் இல்லாத மாதிரி என்று மகனுக்குச் சொன்னாள். அவனுக்கு அது விளங்கவில்லை.

கனகாம்பிகை பிரஷருக்குத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறவள். அந்த முறை போனபோது அங்கிருந்த இளம் டொக்டரிடம் நித்திரைக் குளிசை கேட்டாள்.

"வீட்டிலை ஆரம்மா இருக்கினம்? நாளாந்தம் ஆரோடை கதைப்பீங்கள்?"

"மகனோடை. போனிலை."

"பக்கத்திலை?"

கனகாம்பிகை சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள். டொக்டர் கொஞ்ச நாளைக்கு மட்டும் என்று குறைந்த குளிசை எழுதிக் கொடுத்து, தனிய இருக்கிறவர்களுக்கு நித்திரை இப்படித்தான் குழம்பும், ஆட்களோடு பழகுங்கோ என்றாள்.

வெளியே மருந்து வரிசையில் செல்வநாயகி நின்றாள். பக்கத்தில் உதயகலா, அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு. செல்வநாயகியின் முகம் தெளிந்து கிடந்தது. நன்றாக நித்திரை கொண்ட முகம்.

"தெரியுமே கனகம், லண்டனிலை பத்து வருசமா நித்திரைக் குளிசைதான். ஹீற்றர், மெத்தை எல்லாம் இருந்தது, நித்திரை இல்லை. இஞ்சை வந்து குளிசையை நிப்பாட்டிப் போட்டன். கலா கதை சொல்லத் தொடங்க நான் நித்திரையாப் போயிடுவன்!"

கனகாம்பிகை கையிலிருந்த மருந்துச் சீட்டைக் கசக்கினாள். அவளுக்கு நித்திரை எங்கிருந்து வந்தது? என்னுடையதைத்தான் எடுத்துப் போட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்தாள். பஸ் வரும்வரை மூவரும் ஒரே மரத்தடியில் நின்றார்கள். அவள் மட்டும் றோட்டையே பார்த்தபடி நின்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் வீதியில் பூக்கட்டும் பெண்களோடு இருந்தபோது அது வாயிலிருந்து வந்துவிட்டது. "உவள் கலா துணைக்கே போறாள்? சோப்புக்கும் சொக்கிளேற்றுக்கும் நைற்றிக்கும் எல்லோ போறாள்."

இரண்டு நாளில் அது உதயகலாவின் காதுக்குப் போய்விட்டது. அன்றோடு அவள் இரண்டு வீட்டுக்கும் போகவில்லை. பூப்போட்ட நைற்றி தோய்த்து மடித்தபடி செல்வநாயகியின் விறாந்தைக் கதிரையில் கிடந்ததாம்.

கனகாம்பிகைக்கு முதலில் உள்ளுக்குள் ஒரு சந்தோசம். இனிச் செல்வநாயகியும் முழித்துக் கிடக்கட்டும். அந்தச் சந்தோசத்தில் நித்திரை வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

ஒரு கிழமை கழித்துச் செல்வநாயகி படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கண்ணிமை வீங்கியிருந்தது. கதிரையில் இருக்கவும் இல்லை.

"நீ சொன்னது எல்லாம் கேள்விப்பட்டன். என்னைச் சொன்னால் பரவாயில்லை. அவளை ஏன் சொன்னனீ?"

"நாலு வருசம் என்னோடை படுத்தவள்" என்றாள் கனகாம்பிகை. "நீ வந்து ரெண்டு நாளிலை கொண்டு போயிட்டாய். பள்ளிக்கூடத்திலையும் அப்பிடித்தான் செய்தனீ."

"எனக்குத்தான் உன்னிலை எரிச்சல்" என்றாள் செல்வநாயகி. "உன்ரை வீட்டிலை படுத்த கதையைத்தான் அவள் எனக்கு எப்பவும் சொல்லுறவள். கனகாம்பிகையக்கா இப்பிடிச் சொல்லுவா, அப்பிடிச் சிரிப்பா. கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு."

அன்று பின்னேரமே கனகாம்பிகை உதயகலா வீட்டுக்குப் போனாள். நாலு வருசத்தில் அந்த வாசலை அவள் மிதித்ததே இல்லை. இரண்டே அறை. சுவரில் புருசனின் படம், மாலை போடாமல். உதயகலா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்; எழும்பவில்லை. அவளுடைய கண்ணுக்குக் கீழும் கறுத்திருந்தது.

"சொன்னது பிழை, கலா. வா."

"வரமாட்டன். ரெண்டு வீட்டையும் வரமாட்டன்." சுளகை நிலத்தில் வைத்தாள். "உங்களுக்குத் துணையா வந்தன் எண்டுதானே எல்லாரும் சொல்லுறியள். எனக்கு இந்த வீட்டிலை தனியப் படுக்கேலாது. அதுக்குத்தான் வந்தனான். ஒருத்தரும் கேக்கேல்லை."

கனகாம்பிகை வாசற்படியில் குந்தினாள்.

"துணை வேணுமெண்டால் நீங்கள் இஞ்சை வாங்கோ" என்றாள் உதயகலா.

நாலறை வீட்டுக்காரி இரண்டறை வீட்டில் போய்ப் படுப்பதை ஊர் என்ன சொல்லும் என்று கனகாம்பிகை இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் பின்னேரம் தலையணையும் போர்வையுமாகப் போனாள். போனால், அதே பதிலைக் கேட்டிருந்த செல்வநாயகி முன்கூட்டியே வந்து, உதயகலாவின் பாய்க்குப் பக்கத்திலேயே மெத்தை விரித்துவிட்டிருந்தாள்.

"அது என்ரை இடம்."

"பேர் எழுதியே கிடக்கு?"

உதயகலா தன் பாயை இழுத்து நடுவில் போட்டாள். அதற்குப் பிறகு கதை தொடங்கியது. மானிப்பாயில் ஒரு மாப்பிள்ளைக்கு எட்டாவது பெண்ணும் பொருந்தவில்லையாம். எட்டாவது பெண்ணின் பெயரைக் கேட்டதாகத்தான் கனகாம்பிகைக்கு நினைவு.

விழித்தபோது சன்னலுக்குள்ளால் வெயில் விழுந்து கிடந்தது. பக்கத்தில் இரண்டு இடமும் வெறுமை. குசினியில் அவர்கள் இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு அடக்கி அடக்கிச் சிரிப்பது கேட்டது. கனகாம்பிகைக்கு உடனே பற்றிக்கொண்டு வந்தது. அவசரமாக எழும்பிப் போனாள்.

"என்னை விட்டிட்டு என்ன கதை?"

"உன்ரை குறட்டையைத்தான் கதைக்கிறம்" என்றாள் செல்வநாயகி.

"நானோ? குறட்டையோ?"

"விடிய விடிய, அக்கா" என்றாள் உதயகலா.

கனகாம்பிகை முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, இருவருக்கும் இடையில் பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.