கிடாய் தின்ற கூரை

அவனியாபுரம் பட்டறைக்குப் போகும் வழியெல்லாம், என் பழைய பிக்கப்பின் உள்கூரைத் துணி தொங்கி என் வழுக்கையைத் தடவிக்கொண்டே வந்தது. ஏழு வயதிலும் இதே மண்டையை ஒரு கூரைத் துணி தடவியிருக்கிறது.

அன்று எனக்குக் காதுகுத்து. திருப்பரங்குன்றத்தில் மொட்டை போட்டதும் தாய்மாமன் என்னைத் தன் பிக்கப்பின் முன்சீட்டில் ஏற்றினார். பின்னால் சீர்த் தட்டுகளும் சொந்தங்களும் நிறைந்திருந்ததால், மாலை போட்ட சீர்க் கிடாயும் என் பக்கத்தில்தான் நின்றது. சம்பந்தி வீட்டில் கௌரவமாக இறங்க வேண்டுமே என்று, தொங்கிய கூரைக்கு மாமா முதல் நாள்தான் புதுப் பூத்துணி ஒட்டியிருந்தார். ஒட்டியது, போஸ்டருக்குக் காய்ச்சும் மைதாப் பசையால்.

மதுரை ஆடுகளுக்குப் போஸ்டர்தான் பலகாரம். கிடாய் அண்ணாந்து ஒரு மூலையைக் கவ்வி இழுத்தது. எங்கள் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது கூரை மொத்தமும் எங்கள் மேல் கிடந்தது. துணியை விலக்கிப் பார்த்தாள் அத்தை, அப்பாவின் தங்கை.

"ஏ மச்சான், சீரு அம்புட்டும் சரிதான். இதுல எது கிடா, எது ஒங்க மருமகன்?"

பந்தலே சிரித்தது, என் வகுப்புப் பயல்கள் உட்பட. மாமா மடியில் உட்கார்ந்ததுமே, ஊசி படுவதற்கு முன்பே, அழுதுவிட்டேன்.

மாமா காதோரம் சொன்னார்: "நல்லா அழு மாப்ள. ஊசிக்குன்னு நெனச்சுக்கிருவாங்க. எனக்குத்தான் அழ வழியில்ல."

"துணிய எந்தப் பசையில ஒட்டட்டும்ணே?" என்றார் பட்டறைக்காரர், என் வண்டிக்குள் தலையை நீட்டி.

"ஆடு திங்காததாப் பாத்து ஒட்டுங்க."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டன.