அத்தானின் சுருட்டுக்கு வைத்தியம்

அத்தானின் குடலிறக்கத்தை வெட்டித் தைக்கப் பட்டினத்துச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு மாதம் சுருட்டைத் தொடாமல் வாரும். இருமினால் தையல் அறும். பிறகு என்னைக் குறை சொல்லாதையும்."

அத்தான் மடத்துவெளியில் புகையிலைத் தோட்டம் செய்தவர். நாளுக்குப் பன்னிரண்டு சுருட்டு. இடது கையால் கவட்டை அழுத்திக்கொண்டே நடமாடினார். இறங்கிய குடல் முறுகிவிட்டால் உடனே வெட்டவேண்டும், தாமதித்தால் ஆள் தப்பாது என்றும் நிபுணர் சொல்லியிருந்தார். கோட்டைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் எங்கள் பஸ் பட்டினம் போகாமல் பாதிவழியில் மண்கும்பானோடு திரும்பிவிடும் சண்டைக்காலம் அது. முறுகுகிற குடல் பஸ்ஸை விசாரிப்பதில்லை.

நான் அப்போது ஒரு பத்திரிகையில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்திரிகையில் இருப்பவனுக்கு எல்லா இடமும் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை.

"சுருட்டை மறக்கப்பண்ணுற ஆக்கள் எங்கை இருக்கினம் எண்டு விசாரியன், தம்பி," என்றார் அக்கா.

விசாரிக்கத் தேவை இருக்கவில்லை. 'புகை, குடி, சூது மூன்றுக்கும் கைகண்ட மருந்து' என்று புளியங்கூடலில் நாட்டு வைத்தியம் செய்யும் ஒரு பரியாரியார் வாரம் தவறாமல் விளம்பரம் கொடுத்துவந்தார். அதில் 'கைகண்ட' என்ற சொல்லில் விழுந்த எழுத்துப் பிழையைத் திருத்தியவனே நான்தான். எவருடைய கை கண்டது என்று கேட்பது மெய்ப்புப் பார்ப்பவனின் வேலை அல்ல.

பரியாரியார் அத்தானின் நாடியைப் பிடித்தார். கத்தரிக்காய் கூடாது, புளி கூடாது, நண்டு கூடாது, பகல் நித்திரை கூடாது என்றார்.

"அப்ப சுருட்டு?" என்று அத்தான் கேட்டார்.

"அதைப் படக்கெண்டு விட ஏலாது, நரம்பு கொதிக்கும். லேகியம் சாப்பிட்ட கையோடை ஒரு சுருட்டைப் பத்தும். மருந்து உள்ளுக்கு இறங்க வேணும்."

லேகியம் மூன்று வேளை. அத்தான் பத்தியத்தை அப்பழுக்கில்லாமல் காத்தார். இரண்டு கிழமை அந்தக் குசினியில் புளி கரைக்கப்படவில்லை. சுருட்டு பதினைந்தாகியது: வழக்கமான பன்னிரண்டு, மருந்துக்கு மூன்று.

அடுத்ததாக அரசாங்க மருந்துச்சாலைக்குப் போனோம். டொக்டர் வராத நாட்களில் அப்போதிக்கரிதான் டொக்டர். டொக்டர் வந்த நாள் எதுவும் எனக்கு நினைவில்லை. அப்போதிக்கரி முழுவதையும் கேட்டுவிட்டு, இந்த முறை புகையிலை எப்படி என்று விசாரித்தார்.

"சுருட்டை நிப்பாட்ட இஞ்சை மருந்து வாறேல்லை, அண்ணை. கையைச் சும்மா வைச்சிருக்காதையுங்கோ. அவ்வளவுதான்."

வாசல்வரை கூடவந்து, கடைச் சுருட்டு வாயில் வைக்க முடியாமல் இருப்பதாகவும், நல்ல இலையில் ஒரு கட்டு கிடைத்தால் உதவி என்றும் தணிந்த குரலில் சொன்னார். அத்தான் அனுப்பிவைத்தார்.

தோட்டத்தில் பாரம் தூக்க முடியாத கைக்கு ஒரு வேலை வேண்டும். வாசிகசாலையின் பின்புறம் வேம்பின் கீழ் காலை தொடங்கி விளக்கு வைக்கும்வரை முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். இருவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். கடுதாசிகளில் பெரியது ஜாக்கி. எங்கள் ஊரில் அதற்கு வீரன் என்று பெயர். அங்கே போய் உட்கார்ந்த அத்தானுக்குக் கூட்டாக வாய்த்தவர் ஓய்வுபெற்ற தபாற்காரர். மூன்று நாள் தொடர்ந்து தோற்றபின் தபாற்காரர் காரணத்தைக் கண்டுபிடித்தார்.

"உமக்கு வீரன் வந்தால் சுருட்டை ஒரு இழுவை இழுத்து மூக்காலை விடுறீர். அவங்கள் கடுதாசியைப் பாக்கிறேல்லை. உம்மடை மூக்கைத்தான் பாக்கிறாங்கள்."

"சும்மா விசர்க்கதை கதையாதையும்," என்றார் அத்தான்.

எதிர்ப்பக்கத்து ஆள் சிரித்தார். "உண்மைதான், அண்ணை. நீங்கள் புகை விடேக்கை நாங்கள் துரும்புக் கடுதாசியைப் பதுக்கிறனாங்கள்."

சுருட்டு அன்றைக்கே அணைந்தது. உயிருக்காக நிறுத்த முடியாததை அத்தான் வீரனுக்காக நிறுத்தினார். ஆசை மிஞ்சியிருந்தால் முகம் காட்டிக்கொடுக்கும் என்று வீட்டிலும் தொடவில்லை. நாங்கள் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோம். அத்தான் வேம்பின் கீழேயே இருக்க, புகையிலைக் கன்றுகளுக்கு அக்கா தனியே தண்ணீர் இறைத்தார், பாதி வாடியது.

சுருட்டில்லாத ஒரு மாதம் முடிந்து, தவணை நாளன்று பஸ் முழுத்தூரமும் ஓடியது. நிபுணர் அத்தானின் விரல்களை முகர்ந்து பார்த்துத் திருப்திப்பட்டு வெட்டினார்.

ஐந்தாம் நாள் நான் வார்ட்டுக்குள் நுழைந்தபோது அத்தானின் கட்டிலில் கடுதாசி விரிந்திருந்தது. சுற்றிலும் மூன்று நோயாளிகள். அத்தானின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தபாற்காரர் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். கடைசிக் கை வந்தது. அத்தான் வீரனைத் தலைக்கு மேலே உயர்த்தி ஓங்கி அடித்தார். பிறகு மெதுவாக இடது கையைக் கவட்டில் வைத்தார். உடுத்திருந்த சாரத்தில் இரத்தம் பரவிக்கொண்டிருந்தது.

"இருமினீரோ?" என்று நிபுணர் கேட்டார்.

"ஒருக்காலும் இருமேல்லை, ஐயா."

அது உண்மை. மீதியை நான்தான் சொல்லவேண்டியிருந்தது. நிபுணர் மறுபடி தைத்துவிட்டு என்னை அழைத்தார்.

"ஆளைக் கடுதாசியை விடச் சொல்லும்."

"அதுக்கு எங்கை காட்டுறது, ஐயா?"

நிபுணர் யோசித்தார். "நீர் பத்திரிகையிலை இருக்கிறனீரல்லோ. விசாரிச்சுப் பாரும்."

இரண்டாம் தையல் பிடித்தது. வீட்டுக்கு விட்ட அன்று பஸ்ஸுக்குக் காத்திருக்கையில் அக்கா என் பக்கம் திரும்பினார். அத்தானுக்கும் கேட்கச் சொன்னார்:

"தம்பி, புண் காய்ஞ்சதும் ஒரு கட்டு சுருட்டு வாங்கிக் குடுப்பம். சுருட்டெண்டால் மனிசன் தோட்டத்திலையாவது நிக்கும்."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அத்தான் கேட்டது, வேம்பின் கீழ் தன் இடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று.